பெண் குதிரைக்கு ஸ்கேன்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

குதிரைகளின் சினை, பருவம் சம்பந்தப்பட்ட வேலையில் இருப்பதால் ஸ்கேன் பற்றிய சந்தேகங்கள் என்னிடம் ஓயாமல் வருகின்றன. கேட்பவர்கள் வேறு, கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே, இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். கீழே எங்கெல்லாம் "14ஆம் நாள்", "28ஆம் நாள்" என்று வருகிறதோ, அங்கெல்லாம் முட்டை வெளியேறிய நாளை 0 என்று வைத்து எண்ண வேண்டும். பொலிகுதிரையோடு சேர்த்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. குழப்பங்களில் பாதி இந்தக் கணக்கில்தான் தொடங்குகிறது.

பொலிகுதிரையைக் காட்டினாலே பருவம் தெரிஞ்சுடுது. அப்புறம் ஸ்கேன் எதுக்கு?

பொலிகுதிரையைக் காட்டினால் பருவம் வந்துவிட்டது என்று தெரியும். முட்டை எப்போது வெளியேறும் என்று தெரியாது. பெண் குதிரையின் பருவம் 5 முதல் 7 நாள் வரை நீடிக்கும். முட்டை வெளியேறுவது பொதுவாகப் பருவம் முடிய 24 முதல் 48 மணி நேரம் இருக்கும்போது. பருவம் எப்போது முடியும் என்பது முடிந்த பிறகுதான் தெரியும். வெளியேறிய முட்டையோ 6 முதல் 12 மணி நேரம்தான் கருவுறும் தகுதியோடு இருக்கும். இந்தக் குறுகிய நேரத்தை முன்கூட்டியே ஊகிக்கத்தான் ஸ்கேன்.

சில குதிரைகள் பருவத்தில் இருந்தாலும் காட்டிக்கொள்ளாது. கூடவே குட்டி இருக்கும் தாய்க்குதிரை, குட்டிக்குக் காவலாக நின்று பொலிகுதிரையை விரட்டிவிடும். இந்தக் குதிரைகளை வெளி அறிகுறிகளை வைத்துக் கணிக்கவே முடியாது. 1980இல் பிரான்ஸில் பால்மரும் த்ரியான்கூரும் பெண் குதிரைகளில் அல்ட்ராசவுண்ட் பயன்படுவதை எழுதி வெளியிட்டார்கள். அதற்கு முன்பு ஆசனவாய் வழியாகக் கையை விட்டுத் தடவிப் பார்ப்பதுதான் முக்கிய வழி. அந்தக் கைப்பழக்கம் இன்றும் தேவை; ஆனால் கருப்பைக்குள் இருக்கும் கொஞ்சம் நீரையோ 14 நாள் கருவையோ கையால் கண்டுபிடிக்க முடியாது.

எப்படி எடுப்பாங்க? குதிரைக்கு வலிக்குமா? கருவுக்கு ஏதாவது ஆகுமா?

விரல் நீளமுள்ள ஒரு கருவியை மருத்துவர் கையுறைக்குள் பிடித்துக்கொண்டு ஆசனவாய் வழியாக உள்ளே கொண்டுபோவார். கருப்பையும் சினைப்பைகளும் மலக்குடலுக்கு நேர் கீழே இருப்பதால் படம் தெளிவாகக் கிடைக்கும். முதலில் சாணத்தை முழுக்க வெளியே எடுத்துவிட்டு, வழுவழுப்புக் களிம்பைத் தாராளமாகத் தடவிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். பழகிய குதிரைகள் அமைதியாகவே நிற்கும்.

ஒலி அலைகளால் கருவுக்குக் கெடுதல் இல்லை. உண்மையான ஆபத்து மலக்குடல் கிழிவது. குதிரையின் குடல் சுவர் மாட்டினுடையதை விட எளிதில் கிழியும். குதிரை முக்கும்போது கையை அழுத்தினால் போதும். ஆழமாகக் கிழிந்தால் குதிரை பிழைப்பதே கடினம். அதனால் உறுதியான தடுப்புக்குள் நிறுத்துவது, முக்கினால் கையைத் தளர்த்துவது, மிரளும் குதிரைக்கு மயக்க ஊசியோ குடலைத் தளர்த்தும் மருந்தோ கொடுப்பது, இவை எதையும் தவிர்க்கச் சொல்லாதீர்கள். ஸ்கேன் முடிந்து கையுறையில் ரத்தம் தெரிந்தால் அந்த நிமிடமே கவனிக்க வேண்டிய விஷயம் அது.

மாட்டுக்கு வாங்கின மெஷின் இருக்கு. அதையே பயன்படுத்தலாமா? நானே பார்த்துக்கலாமா?

மெஷின் சரிதான். மலக்குடல் வழியாகப் பார்க்கும் 5 முதல் 7.5 மெகாஹெர்ட்ஸ் நேர்கோட்டுக் கருவி இரண்டுக்கும் பொருந்தும். நீங்களே பார்ப்பது வேறு விஷயம். குடல் கிழியும் ஆபத்தை மேலே சொன்னேன். பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரின் கைதான் உள்ளே போக வேண்டும்.

திரையில எனக்கு எல்லாம் சாம்பலாத்தான் தெரியுது. எதைப் பார்க்கணும்?

நீர் கறுப்பாகத் தெரியும், தசை சாம்பலாக, அடர்த்தியானது வெள்ளையாக. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். சினைப்பையில் கறுப்பு வட்டமாக இருப்பது ஃபாலிக்கிள், அதாவது முட்டையைத் தாங்கியிருக்கும் நீர்க் கொப்புளம். முட்டை வெளியேறியதும் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து, பிறகு கார்பஸ் லூட்டியம் என்கிற மஞ்சள் திட்டு உருவாகும்; திரையில் அது வெளிறிய சாம்பல். சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் இங்கிருந்துதான் சுரக்கிறது.

கருப்பையைக் குறுக்காகப் பார்க்கும்போது இன்னொன்று தெரியும். பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மிகுந்திருக்கும். கருப்பையின் உள்மடிப்புகள் நீர் கோத்து வீங்கி, வெட்டின ஆரஞ்சுப் பழத்தின் சுளைகள் போலத் தெரியும். இந்த வீக்கத்துக்கு மருத்துவர்கள் எண் கொடுத்துக் குறிப்பார்கள். பருவம் இல்லாத நாட்களில் கருப்பை ஒரே சீரான சாம்பலாக இருக்கும். சினைப்பையை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறைய. வீக்கம் எவ்வளவு என்பதையும் கேளுங்கள். எனக்கு இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பார்க்க அனுமதி என்றால் கருப்பையைத்தான் பார்ப்பேன்.

ஒரு தடவை ஸ்கேன் பண்ணினா போதாதா? ஏன் நாளைக்கும் வரச் சொல்றாங்க?

ஒரு படம் அந்த நேரத்து நிலையை மட்டும் சொல்லும். நமக்குத் தேவை எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்பது. 35 மில்லிமீட்டர் ஃபாலிக்கிள் வளர்ந்துகொண்டிருக்கலாம், சுருங்கிக்கொண்டும் இருக்கலாம். இன்றைய படத்தை நேற்றைய படத்தோடு வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

ஒரு சுழற்சி ஏறக்குறைய 21 நாள். பருவம் வந்ததும் முதல் ஸ்கேன், பெரிய ஃபாலிக்கிள் நாளுக்கு 3 மில்லிமீட்டர் அளவில் வளரும் என்பதால் அடுத்தது ஒன்றிரண்டு நாளில், 35ஐத் தாண்டியதும் தினமும் என்று போகும். உறைவிந்து என்றால் கடைசிக் கட்டத்தில் ஒரே நாளில் பல தடவை. ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், எந்தப் பக்கச் சினைப்பை, ஃபாலிக்கிள் அளவு, வீக்கத்தின் எண், கருப்பைக்குள் நீர் உண்டா, கொடுத்த மருந்து எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மருத்துவர் மாறினாலும் அந்த நோட்டு குதிரையோடு போக வேண்டும்.

40 மில்லிமீட்டர் வந்துடுச்சு. இன்னும் ஏன் முட்டை வெளியேறல?

40 என்பது கெடு கிடையாது. பல குதிரைகளில் 35க்கும் 50க்கும் இடையில் எங்காவது வெடிக்கும். பெரிய உடல்வாகு உள்ள இனங்களில் இன்னும் பெரிதாகலாம். ஆனால் ஒரே குதிரை சுழற்சிக்குச் சுழற்சி கிட்டத்தட்ட அதே அளவில்தான் வெடிக்கும். போன வருடத்து நோட்டு இருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் அதில் இருக்கும்.

அளவை விட நம்பகமான அடையாளங்கள் உண்டு. உச்சத்தில் இருந்த கருப்பை வீக்கம் குறையத் தொடங்கினால், ஃபாலிக்கிள் இறுக்கம் தளர்ந்து வட்டம் கலைந்து பேரிக்காய் வடிவத்துக்கு வந்தால், கருப்பை வாய் தளர்ந்திருந்தால், ஏறக்குறைய ஒரு நாளில் எதிர்பார்க்கலாம். குதிரைக்கு ஒரு தனித்தன்மை: முட்டை சினைப்பையின் எந்தப் பக்கத்திலும் வெளியேறிவிடாது, அதற்கென்று ஒரே ஒரு குழி இருக்கிறது. ஃபாலிக்கிள் அந்தக் குழியை நோக்கி முனை நீள்வதைத்தான் திரையில் பார்க்கிறோம்.

குளிர்காலம் முடியுறப்போ பெருசு பெருசா ஃபாலிக்கிள் வருது, ஒண்ணும் நடக்க மாட்டேங்குது. மலடா?

மலடு இல்லை. பகல் நீளும் காலத்தில்தான் பெண் குதிரைகள் பருவத்துக்கு வரும். பகல் குறைந்த மாதங்களில் சினைப்பை ஓய்ந்திருந்து, பிறகு மெல்ல விழிக்கும். அந்த இடைக்காலத்தில் ஃபாலிக்கிள் பெரிதாகும், வெடிக்காமல் சுருங்கும், அடுத்தது வரும். குதிரையும் வாரக்கணக்கில் பருவத்தில் இருப்பது போல நடக்கும். கருப்பையில் வீக்கம் இல்லாமலோ, வந்து வந்து போவதாகவோ இருந்தால் இடைக்காலம் என்று புரிந்துகொள்ளலாம். முதல் முட்டை வெளியேறிவிட்டால் அதற்குப் பிறகு சுழற்சி ஒழுங்காகிவிடும்.

சீக்கிரம் தொடங்க வேண்டும் என்றால் வெளிச்சம்தான் நம்பத்தக்க வழி. இயற்கைப் பகலோடு விளக்கையும் சேர்த்து நாளுக்கு 16 மணி நேர வெளிச்சம், 8 முதல் 10 வாரம் விடாமல் கொடுக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு மட்டும் நீல ஒளி தரும் முகமூடிகளும் இருக்கின்றன. இடைக்காலத்தில் பொலிகுதிரையோடு திரும்பத் திரும்பச் சேர்ப்பது இரண்டு குதிரைகளையும் களைப்படையச் செய்வதுதான்.

எப்போ சேர்க்கணும், எப்போ விந்து போடணும்? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

விந்து எந்த வகை என்பதைப் பொறுத்து எல்லோரும் சொல்வது சரியாக இருக்கலாம். நேரடியாகச் சேர்த்தால், நல்ல பொலிகுதிரையின் விந்து குதிரைக்குள் 48 மணி நேரமும் அதற்கு மேலும் உயிரோடு இருக்கும். முட்டை வெளியேறுவதற்கு இரண்டு நாள் முன்பு சேர்த்தாலும் பாதகமில்லை. குளிர்வித்து அனுப்பிய விந்து என்றால் முட்டை வெளியேறுவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் போட்டுவிடுவது நல்லது. உறைவிந்துக்கு ஆயுள் மிகக் குறைவு: முட்டை வெளியேறுவதற்கு 12 மணி நேரம் முன்பிலிருந்து, வெளியேறி 6 மணி நேரம் வரை. அவ்வளவுதான் அவகாசம்.

அதனால்தான் உறைவிந்து என்றால் ஸ்கேன் செலவும் கூடுகிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்க்க வசதி இல்லாத இடத்தில், முட்டையை வெளியேற்றும் ஊசி போட்டு, அதிலிருந்து 24ஆம் மணியிலும் 40ஆம் மணியிலும் ஒவ்வொரு டோஸ் விந்து போடுவது ஒரு வழி. இரண்டு டோஸ் கையில் இருக்க வேண்டும்.

அந்த ஊசியைப் போட்டா முட்டை கட்டாயம் வெளியேறிடுமா?

ஃபாலிக்கிள் தயாராக இருந்தால் மட்டும். பொதுவாக 35 மில்லிமீட்டருக்கு மேல், கருப்பை வீக்கமும் தெளிவாக இருக்கும்போது போட்டால் எச்.சி.ஜி. என்கிற ஊசி ஏறக்குறைய 36 மணி நேரத்திலும், டெஸ்லோரெலின் என்கிற ஊசி 40 மணி நேரம் அளவிலும் வேலை செய்யும். வீக்கம் இல்லாத இடைக்கால ஃபாலிக்கிளுக்குப் போட்டால் பெரும்பாலும் வீண்தான். எச்.சி.ஜி.யை அடிக்கடி போட்டால் சில குதிரைகளின் உடம்பில் எதிர்ப்புப் பொருள் உருவாகிப் பலன் குறையக்கூடும். ஊசி போட்டு 48 மணி நேரம் ஆனதும் ஒரு ஸ்கேன் அவசியம்.

நாங்க நேரடியாத்தான் சேர்க்கிறோம். எங்களுக்கும் இவ்வளவு ஸ்கேன் வேணுமா?

இவ்வளவு வேண்டாம், கொஞ்சம் வேண்டும். தரோபிரெட் என்கிற பந்தயக் குதிரை இனத்தைப் பதிவு செய்ய நேரடி இனச்சேர்க்கைதான் ஏற்கப்படுகிறது, இருந்தும் அந்தப் பண்ணைகள்தான் ஸ்கேனை அதிகம் பயன்படுத்துகின்றன. ஒரு பொலிகுதிரைக்கு ஒரே நாளில் பல பெண் குதிரைகள் காத்திருக்கும். ஒரு பருவத்துக்கு ஒரு தடவை சேர்த்தாலே சினை பிடிக்கும்படி நேரம் பார்த்துக் கொடுப்பது எல்லோருக்கும் நல்லது. கருப்பையில் நீர் அல்லது தொற்று இருக்கும் குதிரையை முன்பே கண்டுபிடித்தால் பொலிகுதிரைக்கும் பாதுகாப்பு.

முட்டை வெளியேறிடுச்சுன்னு எப்படி உறுதியாச் சொல்றாங்க?

நேற்று இருந்த பெரிய கறுப்பு வட்டம் இன்று இல்லை. அந்த இடத்தில் சாம்பலும் வெள்ளையுமாக ஒரு திட்டு. கருப்பை வீக்கமும் வடிந்திருக்கும். இந்த உறுதிப்படுத்தும் ஸ்கேனைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், "சேர்த்தாச்சே" என்று. அது இல்லாவிட்டால் 0ஆம் நாள் எது என்றே தெரியாது. பின்னால் வரும் எல்லாக் கணக்கும் ஆடிப்போகும். இரண்டு முட்டை வெளியேறியதா என்பதும் அன்றைக்குத்தான் நன்றாகத் தெரியும்.

சில சமயம் ஃபாலிக்கிள் வெடிக்காமலே உள்ளே ரத்தம் கசிந்து நிறைந்துவிடும். திரையில் முதலில் கறுப்புக்குள் புள்ளிகள் மிதக்கும், பிறகு வலை வலையாகக் கெட்டிப்படும், அளவும் 50, 60 என்று ஏறிக்கொண்டே போகும். முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்வதால் அந்தச் சுழற்சியில் சினைக்கு வழியில்லை. வயதான குதிரைகளில் இது அதிகம், ஒரு முறை வந்த குதிரைக்குத் திரும்பவும் வரும். பயப்பட வேண்டாம், தானாகவே கரையும். மஞ்சள் திட்டின் தன்மை அடைந்த பிறகு, அந்தத் திட்டை அழிக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்தைக் கொடுத்து அடுத்த பருவத்தைச் சீக்கிரம் கொண்டுவரலாம்.

புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டு ஆறு நாள் கழிச்சுப் பார்த்தோம். முட்டை ஏற்கனவே வெளியேறிடுச்சாம். எப்படி?

ஊசி போட்ட அன்று சினைப்பையில் என்ன இருந்தது என்பதே இதற்குப் பதில். இந்த மருந்து மஞ்சள் திட்டை அழிக்கும். ஃபாலிக்கிளை ஒன்றும் செய்யாது. அன்றைக்குச் சிறிய ஃபாலிக்கிள்தான் இருந்தது என்றால் முட்டை வெளியேற எட்டு, பத்து நாள் ஆகும். 35க்கு மேல் ஒன்று ஏற்கனவே இருந்திருந்தால் இரண்டு மூன்று நாளில் வெளியேறிவிடலாம், குதிரை பருவ அறிகுறி காட்டுவதற்குள்கூட. அதனால் இந்த ஊசிக்கு முன்பு ஸ்கேன், பின்பு ஃபாலிக்கிள் அளவுக்கேற்ப அடுத்த ஸ்கேன்.

இன்னொன்று, முட்டை வெளியேறி ஐந்து நாளாவது ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன் மஞ்சள் திட்டு இந்த மருந்துக்கு முழுதாக அடங்காது. சினையாக இருக்கலாம் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் போடக் கூடாது, கலைந்துவிடும். கர்ப்பிணிப் பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் இந்த மருந்தைக் கையால் தொடவே வேண்டாம். தோல் வழியாக உள்ளே போகும்.

சேர்த்த மறுநாள் ஸ்கேன்ல கருப்பைக்குள்ள தண்ணி இருக்குன்னாங்க. நோயா?

விந்து உள்ளே போனதும் கருப்பை அழற்சி அடைவது எல்லாக் குதிரைக்கும் இயல்பு. தேவையில்லாத விந்தணுக்களையும் அழுக்கையும் வெளியேற்றுவதற்கான ஏற்பாடு அது. ஆரோக்கியமான குதிரை ஒரு நாளுக்குள் எல்லாவற்றையும் வெளியேற்றிச் சுத்தமாகிவிடும். சில குதிரைகளுக்கு, முக்கியமாகப் பல குட்டி ஈன்ற, கருப்பை தொங்கிப்போன, அல்லது வயதாகியும் ஒரு குட்டியும் ஈனாத குதிரைகளுக்கு, இந்த வெளியேற்றம் சரியாக நடக்காது. தங்கும் நீர்தான் பிரச்சனை. எவ்வளவு ஆழம், கறுப்பாகத் தெளிவாக இருக்கிறதா, சாம்பலாகக் கலங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கலங்கல் என்றால் சீழ் அல்லது செல்கள் இருக்கின்றன என்று பொருள். மாதிரி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

சிகிச்சைக்கு அவகாசம் இருக்கிறது. விந்தணுக்கள் நான்கு மணி நேரத்துக்குள் கருக்குழாய்க்குப் போய்விடும். அதற்குப் பிறகு ஆக்ஸிடோசின் கொடுத்துக் கருப்பையைச் சுருங்க வைக்கலாம், உப்பு நீரால் கழுவலாம். கரு, கருப்பைக்குள் இறங்குவது முட்டை வெளியேறி ஆறாம் நாள் வாக்கில்தான். "கழுவினால் கரு போய்விடாதா" என்று நிறையப் பேர் தயங்குகிறார்கள். முதல் இரண்டு நாளில் கரு அங்கே இல்லை. நீர் தேங்கியபடி விட்டால்தான் இறங்கி வரும் கருவுக்கு வாழ்வில்லை.

சினை எத்தனாவது நாள் தெரியும்?

நல்ல கருவியில் 10, 11ஆம் நாளே 4 முதல் 6 மில்லிமீட்டர் கறுப்பு வட்டமாகத் தெரியும். ஆனால் 14ஆம் நாள் பார்ப்பதையே நான் சொல்வேன். அன்று கரு உருண்டை 15 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், தவற விடுவது கடினம். இரட்டையாக இருந்தால் சரிசெய்யவும் நேரம் இருக்கும். அடுத்த பருவம் வருவதற்கு முன்பே விடை தெரிந்துவிடுவதால், இல்லை என்றால் அடுத்த சுழற்சிக்கும் தயாராகலாம்.

15ஆம் நாள் இல்லைன்னாங்க, நாலு நாள் கழிச்சு இருக்குன்னாங்க. யாரை நம்புறது?

முதலில் 0ஆம் நாள் எது என்று பாருங்கள். சேர்த்த நாளிலிருந்து எண்ணியிருந்தால், முட்டை இரண்டு மூன்று நாள் கழித்து வெளியேறியிருக்கலாம். உங்கள் "15" உண்மையில் 12. தவிர, 16ஆம் நாள் வரை கரு உருண்டை ஓரிடத்தில் நிற்காது. கருப்பையின் இரண்டு கொம்புகளிலும் (இரு பக்கமும் பிரியும் கிளைகள்) நடு உடலிலும் மாறி மாறிப் பயணம் செய்துகொண்டே இருக்கும். அப்படிச் சுற்றுவதால்தான் சினை தங்கிவிட்டது என்ற செய்தி கருப்பை முழுக்கப் போய், மஞ்சள் திட்டு அழியாமல் நிற்கிறது. ஒரு கொம்பின் நுனியிலோ கருப்பை வாய்க்கு அருகிலோ இருந்ததை விட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அந்த வயதில் கருப்பை முழுவதையும் நுனி முதல் நுனி வரை, போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும்.

இரட்டைன்னா சந்தோஷம்தானே? ஏன் ஒண்ணை அழிக்கச் சொல்றாங்க?

இந்தக் கேள்விக்கு மென்மையாகப் பதில் சொல்ல முடியவில்லை. குதிரையின் நஞ்சுக்கொடி கருப்பையின் உட்சுவர் முழுவதும் பரவி உணவு எடுக்கும். இரண்டு கரு இருந்தால் அந்தப் பரப்பைப் பங்கிட வேண்டும், இரண்டுக்கும் போதாது. பெரும்பாலான இரட்டைச் சினைகள் பிந்தைய மாதங்களில் கலைகின்றன. மீறிப் பிறந்தாலும் குட்டிகள் நலிந்திருக்கும். ஈனும் நேரத்தில் தாயின் உயிருக்கும் ஆபத்து. ஸ்கேன் வருவதற்கு முன்பு குதிரைகளில் கருச்சிதைவுக்கு முக்கியக் காரணமே இரட்டைதான். குதிரை வளர்ப்புக்கு ஸ்கேன் செய்த மிகப் பெரிய உதவி இது என்பது என் எண்ணம்.

16ஆம் நாளுக்குள் கண்டுபிடித்தால் இரண்டும் நகர்ந்துகொண்டிருக்கும்போதே ஒன்றைத் தனியாக ஒதுக்கி, கருவியாலோ கையாலோ அழுத்தி உடைத்துவிடலாம். அனுபவமுள்ள கையில் மற்றது பெரும்பாலும் பிழைக்கும். 17ஆம் நாள் வாக்கில் கரு ஒரு கொம்பின் அடியில் நிலைத்துவிடும். இரண்டும் ஒரே இடத்தில் ஒட்டி நிலைத்துவிட்டால், ஒன்றைத் தொட்டால் இன்னொன்றுக்கும் அடி. அப்படி ஒரே பக்கம் நிலைத்தவற்றில் ஒன்று தானாகவே மறைவதும் உண்டு. மருத்துவர் சில நாள் காத்திருந்து பார்க்கச் சொல்லலாம். வேறு வேறு கொம்பில் இருந்தால் தானாகக் குறையும் என்று காத்திருக்க வேண்டாம்.

14ஆம் நாள் ஒண்ணுதான்னு சொன்னாங்க, 28ஆம் நாள் ரெண்டு இருக்கு. எப்படி?

இரண்டு முட்டைகள் ஒன்றிரண்டு நாள் இடைவெளியில் வெளியேறியிருக்கும். முதல் கருவுக்கு 14ஆம் நாள் என்றால் இரண்டாவதற்கு அன்று 12. 9 மில்லிமீட்டர்தான் இருக்கும், கண்ணில் படாமல் போகலாம். இரண்டும் ஒட்டியிருந்து ஒன்றாகத் தெரிந்திருக்கவும் கூடும். முட்டை வெளியேறிய அன்றைய ஸ்கேனில் இரண்டு மஞ்சள் திட்டு பார்த்திருந்தால், 14ஆம் நாள் ஒன்றுதான் தெரிந்தாலும் 16ஆம் நாள் இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

அது கருவே இல்ல, நீர்க்கட்டின்னு இன்னொருத்தர் சொல்றார். எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

வயதான குதிரைகளின் கருப்பைச் சுவரில் நீர்க்கட்டிகள் சாதாரணம், அவையும் கறுப்பு வட்டம்தான். கட்டி நகராது, வளராது. பல நேரம் ஓரம் ஒழுங்கற்றிருக்கும், உள்ளே தடுப்புச் சுவர் இருக்கும். கரு உருண்டை ஒழுங்கான வட்டமாக, மேலும் கீழும் வெள்ளைக் கோடு மின்ன, 16ஆம் நாள் வரை இடம் மாறிக்கொண்டும் நாளுக்கு 3, 4 மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டும் இருக்கும். சந்தேகம் என்றால் அரை மணி நேரம் விட்டுப் பார்ப்பதோ, இரண்டு நாள் கழித்துப் பார்ப்பதோ போதும். இதைவிட நல்லது, பருவத்தின் தொடக்கத்திலேயே கட்டிகள் எங்கே, என்ன அளவு என்று படம் எடுத்து வைத்துவிடுவது. கட்டி என்று நினைத்து விட்ட இரண்டாவது கரு, கரு என்று நினைத்து உடைத்த கட்டி, இரண்டு விபரீதமும் அதனால் தவிரும்.

ஒரு தடவை சினைன்னு தெரிஞ்சாச்சு. திரும்ப 28, 45ன்னு ஏன்?

தங்கிய சினை எல்லாம் நிற்பதில்லை. முதல் ஆறு வாரத்தில் கலைவது குதிரைகளில் அரிதல்ல, வயது ஏற ஏறக் கூடும். 21ஆம் நாள் வாக்கில் உருண்டையின் அடியில் கரு கண்ணுக்குத் தெரியும், 25ஆம் நாள் வாக்கில் இதயத் துடிப்பு. 30ஆம் நாளில் கரு உருண்டையின் நடுவுக்கு உயர்ந்திருக்கும், 40ஆம் நாளில் மேலே போய்விடும். பிறகு தொப்புள்கொடி நீண்டு மறுபடி கீழே இறங்கும். இந்த ஒழுங்கில் எது தவறினாலும், வயதுக்கு உருண்டை சிறியதாக இருந்தாலும், கருப்பையில் திரும்ப வீக்கம் தெரிந்தாலும் எச்சரிக்கை.

28ஆம் நாளுக்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு, அடுத்த பதிலைப் பாருங்கள்.

கரு நின்னுபோய் ரெண்டு மாசம் ஆகுது. குதிரை ஏன் பருவத்துக்கே வரல?

35ஆம் நாளுக்குப் பிறகு கருவிலிருந்து வரும் செல்கள் கருப்பைச் சுவரில் புதைந்து கிண்ணம் போன்ற திட்டுகளை உண்டாக்கும். இவை சுரக்கும் ஹார்மோன், மஞ்சள் திட்டுகளைத் தொடர்ந்து காப்பாற்றும். அதன் பிறகு கரு இறந்தாலும் திட்டுகள் இருக்கும், 100, 120 நாள் வரை. உடம்பு இன்னும் சினை என்றே நினைத்துக்கொண்டிருக்கும். ரத்தப் பரிசோதனையில் அந்த ஹார்மோனைப் பார்த்தாலும் சினை என்றே வரும். ஆகவே கரு சரியில்லை என்பதையும், தப்பிவிட்ட இரட்டையையும் 35க்கு முன் கண்டுபிடித்தால்தான் அந்த வருடத்திலேயே இன்னொரு முயற்சிக்கு இடம் உண்டு. 28 முதல் 30ஆம் நாள் ஸ்கேனை விடவே விடாதீர்கள்.

குட்டி போட்டு ஒன்பதாவது நாளே பருவத்துல இருக்கு. அப்பவே சேர்க்கலாமா?

ஈன்ற பிறகு வரும் முதல் பருவத்தில் சில குதிரைகளுக்குச் சினை நன்றாகவே பிடிக்கும். கருப்பையின் உட்சுவர் ஆறச் சுமார் இரண்டு வாரம் ஆகும். கரு ஆறாம் நாள் வாக்கில்தான் இறங்கும் என்று மேலே சொன்னேனே, அதை இங்கே பொருத்துங்கள்: ஈன்று 10 நாளுக்குப் பிறகு முட்டை வெளியேறினால், கரு இறங்கும்போது கருப்பை தயாராக இருக்கும். அதற்கு முன்பே வெளியேறப்போகிறது என்றாலும், ஸ்கேனில் நீர் தெரிந்தாலும், ஈனும்போது சிரமப்பட்டிருந்தாலும், நஞ்சுக்கொடி தங்கியிருந்தாலும் விட்டுவிடுங்கள். முட்டை வெளியேறி ஐந்தாறு நாளில் புரோஸ்டாகிளாண்டின் கொடுத்து அடுத்த பருவத்தை முன்னால் இழுத்துக்கொள்ளலாம்.

ஆணா பெண்ணான்னு பார்க்க முடியுமா?

முடியும். 55 முதல் 70 நாளுக்குள் பிறப்புறுப்பின் முகிழ் ஆணில் தொப்புள் பக்கமும் பெண்ணில் வால் பக்கமும் நகர்ந்திருக்கும். தேர்ந்த கண் தேவை. நான்காம், ஐந்தாம் மாதத்தில் வயிற்றின் மேலாகவும் பார்க்கலாம்.

எட்டு மாசச் சினைல மடி பெருக்குது, பாலும் கசியுது. இப்போ ஸ்கேன் என்ன சொல்லும்?

இது காத்திருக்கும் விஷயம் இல்லை, அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். குதிரையின் சினைக்காலம் சராசரி 340 நாள். எட்டாம் மாதம் மடி பெருக்கவே கூடாது. கருப்பை வாய் வழியாக மேலேறிய கிருமிகள் நஞ்சுக்கொடியில் அழற்சி உண்டாக்கியிருக்கலாம், அல்லது யாரும் கவனிக்காத இரட்டையாக இருக்கலாம்.

மலக்குடல் வழியாக, கருப்பை வாய்க்குச் சற்று முன்னால், கருப்பைச் சுவரும் நஞ்சுக்கொடியும் சேர்ந்த தடிமனை அளப்பார்கள். 270 நாள் வரை 7 மில்லிமீட்டருக்குள், 300 வரை 8க்குள், 330 வரை 10க்குள், அதற்குப் பிறகு 12க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் தடித்தாலோ, இரண்டுக்கும் நடுவில் சீழ் போலத் தெரிந்தாலோ அழற்சிதான். வயிற்றின் மேலாகக் குட்டியின் இதயத் துடிப்பு, அசைவு, சுற்றியுள்ள நீரின் தன்மை பார்ப்பார்கள். கிருமிக்கொல்லி, அழற்சி குறைக்கும் மருந்து, சினையைத் தாங்கும் ஹார்மோன் மருந்து ஆகியவற்றைச் சீக்கிரம் தொடங்கினால் உயிருள்ள குட்டி கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. முன்பு இப்படிக் கலைந்த குதிரை என்றால் அறிகுறிக்குக் காத்திருக்காமல், ஐந்தாம் மாதத்திலிருந்தே மாதம் ஒரு முறை இந்தத் தடிமனை அளந்து நோட்டில் எழுதி வாருங்கள்.